விளக்கு எரிகிறது, வலை ஏன் இயங்கவில்லை?

உங்கள் பள்ளியின் கணிப்பொறி அறையில், ஒரு மூலையில் தட்டையான பெட்டி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதன் முகப்பில் 8, 16 அல்லது 24 துளைகள் வரிசையாக இருக்கும். துளைகளில் கேபிள்கள் செருகப்பட்டிருக்கும். ஒவ்வொரு துளைக்கும் உரிய சின்னஞ்சிறு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். இதற்கு நெட்வொர்க் ஸ்விட்ச் என்று பெயர். மின்விசிறியைப் போட உதவும் சுவர் ஸ்விட்சுக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. அறையிலுள்ள கணிப்பொறிகளை ஒன்றோடொன்று பேச வைப்பது இந்தப் பெட்டியே.

பௌதிகம் கற்பிக்கும் நான், ஒரு நாள் இந்தப் பெட்டியிடம் பாடம் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

எங்கள் கல்லூரியில் மறுநாள் காலை செய்முறைத் தேர்வு. 20 கணிப்பொறிகள், அவற்றை இணைக்க 24 துளை கொண்ட ஒரு ஸ்விட்ச். மாணவர்கள் செய்து முடித்த பயிற்சிகள் எல்லாம் சர்வரில் இருந்தன. மாலை 4 மணிக்கு அறைக்குச் சென்றேன். எல்லாம் சரியாகவே இருந்தது. மேசையைத் துடைத்து, தொங்கிக் கிடந்த கேபிள்களை ஒழுங்குபடுத்தி வைத்தேன். சிறிது நேரத்தில் ஒரு கணிப்பொறியும் சர்வரை எட்டவில்லை! ஸ்விட்சைப் பார்த்தால் எல்லா விளக்குகளும் எரிந்தன. எரிந்தது மட்டுமா? வெறி பிடித்தாற்போல் எல்லாம் ஒரே வேகத்தில் துடித்தன.

பதற்றத்தில் நாங்கள் செய்யாதது இல்லை. ஸ்விட்சை அணைத்துப் போட்டோம். கேபிள்களைப் பிடுங்கி வேறு துளைகளில் செருகினோம். இரண்டு கணிப்பொறிகளின் முகவரிகளை மாற்றினோம். அரை மணி நேரம் கழிந்தபோது எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. இதற்கிடையே ஸ்விட்சின் இரும்பு உடலைத் தொட்ட என் விரலில் 'சுருக்'கென்று மின்சாரம் வேறு தீண்டியது.

பழுது எங்கே இருந்தது என்பதைப் பின்னர் சொல்கிறேன். அதை விளங்கிக்கொள்ள, முதலில் ஸ்விட்ச் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

ஈதரிலிருந்து ஸ்விட்ச் வரை

ஒளி பரவுவதற்கு அண்டவெளி எங்கும் 'ஈதர்' என்ற ஊடகம் நிரம்பியிருப்பதாக 19ஆம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் எண்ணினர். 1887இல் மைக்கெல்சன், மோர்லி இருவரும் செய்த சோதனை அந்த எண்ணத்தை ஆட்டங்காண வைத்தது. பௌதிகம் கைவிட்ட அந்தப் பெயரை 1973இல் ராபர்ட் மெட்காஃப் என்ற அமெரிக்கப் பொறியாளர் மீண்டும் எடுத்துக்கொண்டார். கலிபோர்னியாவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், கணிப்பொறிகளை ஒரே கேபிளில் இணைக்கும் முறையை அவரும் டேவிட் பாக்ஸும் உருவாக்கினர். எல்லாக் கணிப்பொறிகளுக்கும் பொதுவான ஊடகம் என்பதால் அதற்கு 'ஈதர்நெட்' என்று பெயர் வைத்தார் மெட்காஃப். இந்தப் பணிக்காக 2022ஆம் ஆண்டுக்கான ட்யூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

ஒரே கேபிளைப் பலர் பகிர்ந்துகொண்டால் ஒரு தொல்லை உண்டு. ஆசிரியர் இல்லாத வகுப்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகும்? அதேபோல் இரண்டு கணிப்பொறிகள் ஒரே கணத்தில் செய்தி அனுப்பினால் இரண்டும் மோதிச் சிதைந்துவிடும். இதற்குத் தீர்வாக 1990இல் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம் முதல் ஈதர்நெட் ஸ்விட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் இருந்தவை 7 துளைகள். பெயரைக் கண்டு வியக்கிறீர்களா? நிறுவனர்களில் ஒருவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வினோத் பரத்வாஜ்.

ஸ்விட்ச் புத்தியுள்ள தபால்காரரைப் போன்றது. கணிப்பொறிகள் செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாக்கி அனுப்புகின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் பெறுநர் முகவரி, அனுப்புநர் முகவரி இரண்டும் இருக்கும். மேக் முகவரி எனப்படும் இது 48 பிட் நீளமுள்ளது. எனவே சுமார் 281 லட்சம் கோடி வெவ்வேறு முகவரிகள் சாத்தியம். புதிதாக ஊருக்கு வந்த தபால்காரருக்கு யார் வீடு எங்கே என்று தெரியாது. ஆனால் 3ஆம் துளை வழியே வந்த கடிதத்தில் அனுப்புநரின் பெயர் இருக்கிறதல்லவா? அந்த ஆள் 3ஆம் துளைப் பக்கம் வசிக்கிறார் என்று குறித்துக்கொள்கிறார். இப்படிச் சில வினாடிகளிலேயே ஸ்விட்ச் ஒரு பட்டியலைத் தயாரித்துவிடும். பின்பு பொட்டலத்தை உரிய துளைக்கு மட்டும் அனுப்பும். பட்டியலில் இல்லாத முகவரிக்கு வந்த பொட்டலத்தையும், 'எல்லாருக்கும்' என்று எழுதிய பொட்டலத்தையும் வந்த துளை நீங்கலாக மற்ற எல்லாத் துளைகளிலும் அனுப்பிவிடும். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விரலைத் தீண்டிய மின்சாரம்

என் விரலில் பட்ட மின்சாரம் எங்கிருந்து வந்தது? தேடிப் பார்த்தோம். ஸ்விட்சின் மூன்று முனை பிளக் நேராகச் சுவரில் செருகப்படவில்லை. இடையில் எர்த் இணைப்பே இல்லாத ஒரு நீட்டிப்புப் பலகை இருந்தது.

ஸ்விட்சினுள் மின்சாரம் வழங்கும் பகுதியில், இரைச்சலை வடிகட்டுவதற்காக இரண்டு சிறிய மின்தேக்கிகள் இருக்கும். ஒன்று லைன் கம்பிக்கும் பெட்டியின் உடலுக்கும் இடையே. மற்றொன்று நியூட்ரல் கம்பிக்கும் உடலுக்கும் இடையே. உடல் எர்த்துடன் இணைந்திருந்தால் இவற்றின் வழியே வரும் நுண்ணிய மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டாலோ, சமமான இரண்டு மின்தேக்கிகளும் 230 வோல்ட்டைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். பெட்டியின் உடல் ஏறக்குறைய 115 வோல்ட்டில் நிற்கும்! மின்தேக்கிகள் மிகச் சிறியவை ஆதலால் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டமே ஓடியது, நான் தப்பினேன். உள்ளே லைன் கம்பி நழுவி உடலைத் தொட்டிருந்தால், இக்கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ஆகவே ஸ்விட்ச் வைக்கும்போது இவற்றை மறவாதீர்கள்.

1. மூன்று முனை பிளக்கை, எர்த் உள்ள சாக்கெட்டில்தான் செருக வேண்டும். எர்த் முனையை ஒடித்துவிட்டோ, இரண்டு முனை அடாப்டர் வைத்தோ பயன்படுத்தக் கூடாது. சாக்கெட்டில் எர்த் சரியாக உள்ளதா என்று பார்ப்பது எலக்ட்ரீஷியனின் வேலை.

2. இரும்புப் பெட்டியைத் தொட்டால் சிறிது கூச்சம் எடுத்தாலும் கையை எடுத்துவிடுங்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள். சுவர் ஸ்விட்சை அணைத்த பிறகே மற்ற வேலை.

3. பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். 230 வோல்ட் என்பது சராசரி வகையில் சொல்லும் மதிப்பு. அதன் உச்சம் 230 × 1.414, அதாவது சுமார் 325 வோல்ட். உள்ளே உள்ள பெரிய மின்தேக்கி அந்த அளவுக்கு மின்னூட்டம் பெறுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் அது அதைத் தேக்கி வைத்திருக்கக்கூடும்.

4. காற்றோட்டத் துளைகளின் மேல் புத்தகமோ துணியோ வைக்கக் கூடாது. தண்ணீர்க் குழாய்க்கும் சன்னலுக்கும் தள்ளியே பெட்டியை வையுங்கள்.

5. இரண்டு கட்டடங்களை இணைக்க வேண்டுமானால் செம்புக் கம்பியைத் தவிர்த்து, ஒளியிழைக் கேபிளைக் கேளுங்கள். அருகே இடி விழும்போது இரு கட்டடங்களின் தரை மின்னழுத்தங்களும் வேறுபடும். செம்புக் கம்பி அந்த வேறுபாட்டை நேராக ஸ்விட்சுக்குக் கொண்டுவரும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது.

சில ஸ்விட்சுகள் கேமரா, தொலைபேசி போன்றவற்றுக்குக் கேபிள் வழியாகவே மின்சாரமும் தருகின்றன. தகவலும் மின்சாரமும் ஒரே கம்பியிலா என்று அஞ்ச வேண்டாம். முறையான ஸ்விட்ச், கேட்டுவிட்டுத்தான் கொடுக்கும். முதலில் 10 வோல்ட் அளவுக்குள் ஒரு சிறு மின்னழுத்தம் தந்து, ஓடும் மின்னோட்டத்தை அளக்கும். மறுமுனையில் 25,000 ஓம் அளவு மின்தடை தெரிந்தால் மட்டுமே, அது மின்சாரம் வாங்கத் தகுந்த கருவி என்று முடிவு செய்து 44 முதல் 57 வோல்ட் வரை வழங்கும். 10 வோல்ட்டில் 0.4 மில்லி ஆம்பியர் ஓடினால் மின்தடை எவ்வளவு? நீங்கள் படித்த ஓம் விதி இங்கே காவல் நிற்கிறது! ஆனால் கேட்காமலே மின்னழுத்தம் தரும் மலிவான கருவிகளும் கடைகளில் உண்டு. அவற்றைக் கண்ட இடத்தில் செருகினால் கணிப்பொறியின் துளை பழுதாகிவிடும்.

முறுக்கில் இருக்கும் இரகசியம்

இனிக் கேபிளுக்கு வருவோம். அதனுள் 8 செம்புக் கம்பிகள் உண்டு. அவை 4 ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். ஏன் முறுக்க வேண்டும்?

ஜோடியின் ஒரு கம்பியில் +1 வோல்ட், மற்றதில் -1 வோல்ட் என்று சைகை செல்வதாகக் கொள்வோம். பெறும் முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, அதாவது 2 வோல்ட்டைப் பார்க்கிறது. அருகில் ஓடும் மின்விசிறியின் காந்தப்புலம் கம்பியில் 0.3 வோல்ட் இரைச்சலைத் தூண்டுகிறது. முறுக்கியிருப்பதால் இரண்டு கம்பிகளும் மாறி மாறி மின்விசிறியை நெருங்குகின்றன; ஆகவே இரண்டிலும் ஒரே அளவு இரைச்சல் ஏறுகிறது. இப்போது மதிப்புகள் 1.3, -0.7. வித்தியாசம் என்ன? அதே 2 வோல்ட்! இரைச்சல் தானே கழிந்துவிட்டது.

கேபிளின் முனையில் பிளக் பொருத்தும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பது இதனால்தான். 100 மீட்டருக்கு மேல் ஒரே கேபிளை நீட்டவும் கூடாது.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். பிளக்கில் ஜோடிகள் 1-2, 3-6, 4-5, 7-8 என்ற வரிசையில் அமைய வேண்டும். மூன்றும் ஆறும் ஜோடியா, அழகாக இல்லையே என்று நினைத்து, 1-2, 3-4, 5-6, 7-8 என்று இரு முனைகளிலும் வைத்துவிடுகிறார்கள். சோதனைக் கருவியில் 8 விளக்குகளும் எரியும். எந்தக் கம்பியும் அறுந்திருக்கவில்லை அல்லவா? ஆனால் 3ஆம் கம்பி ஒரு முறுக்கிலும் 6ஆம் கம்பி வேறொரு முறுக்கிலும் சிக்கிக்கொண்டன. அவற்றில் ஏறும் இரைச்சல் இனிச் சமமாக இராது, கழியவும் கழியாது. கேபிள் குட்டையாக இருந்தால் வேலை செய்வதுபோல் தோன்றும். நீளமானால் பொட்டலங்கள் சிதையும்.

சோதனைக் கருவியின் விளக்கு "கம்பி தொடர்கிறது" என்று மட்டுமே சொல்கிறது. ஸ்விட்சின் விளக்கு "மறுமுனையில் ஒரு கருவி உயிரோடு இருக்கிறது" என்று மட்டுமே சொல்கிறது. செய்தி ஒழுங்காகப் போகிறது என்று இரண்டுமே சொல்லவில்லை. ஒரு கருவி சொல்லாததை நாமாக அதன் வாயில் திணிக்கக் கூடாது.

பழுதைத் தேடும் முறை

ஆய்வுக்கூடத்தில் ஊசலின் அலைவு நேரத்தைக் காணும்போது என்ன செய்கிறீர்கள்? நீளத்தை மாற்றினால் குண்டை மாற்றுவதில்லை. குண்டை மாற்றினால் நீளத்தை மாற்றுவதில்லை. பழுது பார்ப்பதும் அதுபோன்ற சோதனையே. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதால் பலன் இல்லையென்றால், அதைப் பழையபடி வைத்துவிட்டே அடுத்ததைத் தொட வேண்டும். ஒவ்வொன்றையும் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கணிப்பொறி மட்டும் வலையில் சேரவில்லை என்று கொள்வோம். அடியிலிருந்து மேலே செல்லுங்கள். ஸ்விட்சுக்கு மின்சாரம் வருகிறதா? அந்தத் துளையின் விளக்கு எரிகிறதா? எரியவில்லையெனில், நன்றாக இயங்குகிறது என்று நிச்சயமாகத் தெரிந்த வேறொரு கேபிளைப் போட்டுப் பாருங்கள். அதிலும் எரியவில்லையெனில் துளையை மாற்றுங்கள். விளக்கு எரிந்தும் பேசவில்லையெனில் கணிப்பொறியின் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், முகவரி கேட்ட கணிப்பொறிக்கு யாருமே பதில் சொல்லவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள்.

அடுத்து 'பிங்' என்ற கட்டளை. நீர்மூழ்கிக் கப்பல் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் சோனார் முறையை நினைத்து, 1983இல் மைக் மியூஸ் என்பவர் எழுதிய நிரல் இது. முதலில் பக்கத்து மேசைக் கணிப்பொறிக்கு, பிறகு சர்வருக்கு, பிறகு வெளி உலகுக்கு என்று படிப்படியாக அனுப்பிப் பார்த்தால், எதிரொலி எங்கே நிற்கிறதோ அதற்கு இப்பால்தான் பழுது.

முடிச்சு அவிழ்ந்தது

எங்கள் கதைக்குத் திரும்புவோம். எர்த் உள்ள சாக்கெட்டுக்கு ஸ்விட்சை மாற்றினோம். விளக்குகள் மறுபடியும் துடிக்கத் தொடங்கின. அப்போது ஆய்வக உதவியாளர் கேட்டார்: "சார், ஒவ்வொண்ணாப் பார்த்தா ராத்திரி ஆயிடும். பாதியைக் கழற்றிப் பார்க்கலாமா?"

நல்ல யோசனை. எல்லாக் கேபிள்களுக்கும் எண் எழுதி ஒட்டினோம். 12 துளைகளைக் காலி செய்தோம். விளக்குகள் அமைதியாயின. அவற்றுள் 6 கேபிள்களைத் திரும்பச் செருகினோம், அமைதி. மேலும் 3 செருகினோம். மீண்டும் வெறித் துடிப்பு! அந்த மூன்றில் ஒன்றை மட்டும் விட்டு இரண்டைக் கழற்றினோம், அமைதி. இரண்டாவதைச் செருகினோம், துடிப்பு. ஐந்தே சோதனைகளில் குற்றவாளி அகப்பட்டது. அந்தக் கேபிளைக் கையால் பற்றிக்கொண்டே போன உதவியாளர் சிரித்துவிட்டார்.

"சார், இதோட அந்த முனையும் இதே பெட்டியிலேதான் இருக்குது!"

மாலையில் மேசையை ஒழுங்குபடுத்தியபோது தொங்கிக்கொண்டிருந்த முனை ஒன்றைப் பார்த்து, யாரோ கழற்றிவிட்டார்கள் என்று எண்ணி, காலியாக இருந்த துளையில் செருகியவன் நான்தான்.

இதனால் என்ன ஆயிற்று? நினைவில் வைக்கச் சொன்ன வாக்கியத்தை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். 'எல்லாருக்கும்' என்ற பொட்டலம் ஒன்று ஸ்விட்சுக்குள் வருகிறது. எல்லாத் துளைகளிலும் வெளியேறுகிறது. அந்த வட்டக் கேபிளின் இரு முனைகளிலும் வெளியேறுகிறது. ஒரு முனையில் போனது மறுமுனை வழியே உடனே திரும்பி வருகிறது. ஸ்விட்ச் அதைப் புதுப் பொட்டலம் என்று எண்ணி மறுபடி எல்லாத் துளைகளிலும் அனுப்புகிறது. ஈதர்நெட் பொட்டலத்தில் "இத்தனை முறை சுற்றிவிட்டாய், போதும்" என்று சொல்லும் எண்ணிக்கை எதுவும் கிடையாது. எனவே அது ஓயாமல் சுழலும். அடுத்தடுத்து வரும் பொட்டலங்களும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

எவ்வளவு வேகத்தில்? மிகச் சிறிய பொட்டலம் 64 பைட். முன்னோடிக் குறிகளுக்கு 8, இடைவெளிக்கு 12 சேர்த்தால் 84 பைட், அதாவது 672 பிட். வினாடிக்கு 100 கோடி பிட் செல்லும் கேபிளில் இவ்வகைப் பொட்டலங்கள் வினாடிக்குச் சுமார் 14 லட்சத்து 88 ஆயிரம் ஓட முடியும். இந்த வெள்ளத்தில் சர்வரின் பொட்டலம் எப்படி நீந்தும்? ஸ்விட்சை அணைத்தால் வெள்ளம் வடியும். மறுபடி போட்டதும், முதல் 'எல்லாருக்கும்' பொட்டலத்தோடு அது திரும்பத் தொடங்கும். நாங்கள் அணைத்து அணைத்துப் போட்டும் பலன் இல்லாமற்போன காரணம் இதுவே.

இந்த ஆபத்துக்கு மாற்று உண்டு. 1985இல் ரேடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி 'ஸ்பானிங் ட்ரீ' என்ற முறையை வகுத்தார். ஸ்விட்சுகள் தமக்குள் பேசி, வட்டமாகும் பாதையைத் தாமே அடைத்துவிடும் முறை இது. எங்கள் மலிவான ஸ்விட்சில் அது இல்லை. அது இருந்தாலும் அளவு மீறக் கூடாது. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்தின் வலை சுமார் 4 நாட்கள் முடங்கியது. சிறிது சிறிதாக ஒட்டுப்போட்டு வளர்ந்த அந்த வலை, ஸ்பானிங் ட்ரீ முறை தாங்கும் எல்லையைத் தாண்டியிருந்தது. மருத்துவர்களும் செவிலியரும் மீண்டும் காகிதத்தில் எழுதி வேலையை நடத்தினர். எங்களுக்கு ஒரு மாலைப் பொழுது போயிற்று. அங்கே நோயாளிகள் படுத்திருந்தார்கள்.

மறுநாள் எங்கள் தேர்வு குறித்த நேரத்தில் நடந்தது. அன்றே ஒரு தாளில் எந்தத் துளையில் எந்தக் கணிப்பொறி என்று படம் வரைந்து, ஸ்விட்சுக்கு மேலே ஒட்டினோம். அந்தப் படம் முன்பே இருந்திருந்தால், தொங்கிய முனையைக் கண்டதும் "இது யாருடையது?" என்று நான் கேட்டிருப்பேன்.

உங்கள் பள்ளியிலும் ஆசிரியரின் அனுமதியோடு இப்படி ஒரு படம் வரையுங்கள். எதையும் கழற்ற வேண்டாம். பார்த்துக் குறித்தால் போதும். கூடவே ஒரு கணக்கு. 24 துளைகளில் ஒன்றைக் கண்டுபிடிக்கப் பாதி பாதியாகப் பிரித்தால் ஐந்து சோதனைகள் போதுமாயின. 48 துளைகள் கொண்ட ஸ்விட்சாக இருந்தால் எத்தனை சோதனைகள் வேண்டும்? இரண்டு மடங்கா? அவசரப்படாமல் தாளில் போட்டுப் பாருங்கள்.